ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்

உங்கள் வீட்டில் மின்வாரியத்தின் பழைய வெள்ளை அட்டை இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். இல்லையென்றால் ரேஷன் கார்டோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி. தேதி, ரீடிங், யூனிட், தொகை. இதில் மீட்டரைப் பார்த்து எழுதுவது ரீடிங் ஒன்றைத்தான். போன தடவை ரீடிங்கைக் கழித்தால் யூனிட் வந்துவிடும், அது ஒண்ணாங்கிளாஸ் கணக்கு. யூனிட் எப்படித் தொகையாகிறது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

2022 செப்டம்பரில் கட்டணம் மாறும்வரை தமிழ்நாட்டு வீடுகளுக்கு இருந்த கணக்கு எனக்கு மனப்பாடம். முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு மாதத்தில் மொத்தம் 201 முதல் 500 யூனிட் வரை எரித்த வீட்டுக்கு, இரண்டாவது நூறுக்கு யூனிட் 2 ரூபாய், அதற்கு மேல் 3 ரூபாய். மொத்தம் 500ஐத் தாண்டிய வீட்டுக்கோ இரண்டாவது நூறே மூன்றரை ரூபாய். 201 முதல் 500 வரை 4 ரூபாய் 60 பைசா. அதற்கும் மேலே 6 ரூபாய் 60 பைசா.

பென்சில் தேட வேண்டாம், நானே கூட்டிச் சொல்கிறேன். நிலைக்கட்டணத்தை விட்டுவிட்டால், சரியாக 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,100 ரூபாய். 501 எரித்த வீட்டுக்கு 1,736 ரூபாய் 60 பைசா. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 636 ரூபாய் 60 பைசா! ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் பிந்தி வந்தால் வீட்டில் சண்டை வந்ததற்குக் காரணம் இதுதான். வருமான வரியில் அடுத்த படிக்குப் போனால், மேலே போன பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே மேல்படிக்குப் போனவுடன் கீழ்ப்படியும் சேர்ந்து விலை ஏறியது. அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. பில் போடும் கம்ப்யூட்டருக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. நாம் எழுதிய ‘என்றால்’தான் அதற்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் இந்தக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸ் என்பது கிட்டத்தட்ட அந்த வெள்ளை அட்டைதான். பில்லுக்கு ஒரு வரி, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம். அதோடு பேசுகிற மொழி எஸ்.க்யூ.எல். 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். இன்றைய எஸ்.க்யூ.எல்.லில் ‘அப்டேட்’ என்ற கட்டளை கட்டத்தில் உள்ளதை மாற்றும். அதற்குள் ‘கேஸ்’ என்று ஒரு சொல் வைத்து, யூனிட் இவ்வளவு என்றால் இந்தக் கணக்கு, அவ்வளவு என்றால் அந்தக் கணக்கு, மற்றதற்கெல்லாம் இது என்று அடுக்கலாம். ரீடிங் பதிவானதும் தானாகவே ஓட வேண்டுமென்றால் ‘ட்ரிக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கி விசைதான், ரீடிங் விழுந்தால் கணக்கு வெடிக்கும்.

இதில் வழுக்குகிற இடங்கள் சில உண்டு. கம்ப்யூட்டர் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்திய வரியோடு நின்றுவிடும். ‘நூறுக்கு மேல்’ என்பதை முதல் வரியில் எழுதி, ‘ஐந்நூறுக்கு மேல்’ என்பதை அடுத்த வரியில் எழுதினால், 600 யூனிட் வீடு முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டாவது வரிக்கு எந்த வீடும் போய்ச் சேராது. கணினி பிழை என்றும் சொல்லாது. அது பாட்டுக்குச் சாதுவாகத் தப்பான பில்லைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கட்டணம் மாறும்போது வரும். புது விலையைப் போட்டு எல்லா வரிகளையும் அப்டேட் செய்தால், 2021இல் கட்டி முடித்த பில்லும் புது விலையில் நிற்கும். கட்டியவர் ரசீதில் ஒரு தொகை, கணினியில் வேறு தொகை. அதனால் எந்தத் தேதி முதல் எந்த விலை என்பதைத் தனி அட்டவணையாக வைப்பது நல்லது. கட்டி முடித்த பில்லில் கைவைக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது காலிக் கட்டம். இதில் நான் சூடு பட்டவன். ஒரு குடியிருப்புச் சங்கத்துக்குத் தண்ணீர்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தேன். குறைவாகச் செலவழித்தால் முதல் பிரிவு, கொஞ்சம் கூடினால் இரண்டாவது, ‘மற்றதெல்லாம்’ மூன்றாவது. கம்பீரமாக ஓடியது. மாதக் கடைசியில் சங்கத்தின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். எழுபது வயதிருக்கும், நீள நோட்டில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர்.

“தம்பி, மகன் வீட்டுக்குப் போய் ரெண்டு மாசமா வீடு பூட்டிக் கெடக்கு. அந்தம்மா எப்படிப்பா மூணாவது பிரிவுல வந்தாங்க?”

பூட்டிய வீட்டுக்கு ரீடிங் இல்லை, கட்டம் காலி. காலி என்பது பூஜ்ஜியம் அல்ல. எஸ்.க்யூ.எல். மொழியில் அதற்கு ‘நல்’ என்று பெயர். தெரியாது என்று பொருள். தெரியாதது நூறைவிடக் குறைவா என்று கேட்டால், ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. எந்த வரியிலும் பொருந்தாமல் இறங்கி இறங்கி, கடைசியில் ‘மற்றதெல்லாம்’ என்ற என் சாக்குப்பைக்குள் விழுந்துவிட்டது. பதினோரு வீடுகள் அப்படி விழுந்திருந்தன. எல்லாமே பூட்டிய வீடுகள்.

“உங்க நோட்டுல இதுக்கு என்ன செய்வீங்க ஐயா?” என்று கேட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார். ரீடிங் எழுதும் இடத்தில், அங்கங்கே சிவப்பு மையில் ஒரே எழுத்து. ‘பூ’. பூட்டு என்பதற்கு அவர் வைத்த குறி. அந்த வரிக்குத் தொகை எழுதாமல் கோடு இழுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் என் அட்டவணையில் ஒரு கட்டத்தைக் கூட்டினேன். ‘கேஸ்’ வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, வீடு பூட்டியிருக்கிறதா என்ற கேள்வியை வைத்தேன். கட்டத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்தேன். ‘பூ’ என்றே வைத்துவிட்டேன்.