பழம் சுமக்கும் பறவை



ஆனைமலையின் மழைக்காடுகளில் இருவாச்சி என்னும் பெரிய பறவை வாழ்கிறது. முட்டையிடும் காலத்தில் பெண்பறவை முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, தன் எச்சத்தால் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி மட்டுமே இருக்கும். மாதக்கணக்கில் அது உள்ளேயே இருக்க, ஆண்பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் சுமந்து வந்து ஒவ்வொன்றாக ஊட்டும். அது உண்ட பழங்களின் விதைகள் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. மரம் பறவைக்கு வீடு தருகிறது. பறவை மரத்துக்குப் பிள்ளைகளைத் தருகிறது.

பொந்தைக் குடைய இருவாச்சிக்குத் தெரியாது. முதிர்ந்த மரத்தை வெட்டினால் அதற்கு வீடில்லை. ஆண்பறவையை வேட்டையாடினால், உள்ளே காத்திருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு வராது.

வால்பாறையில் தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் அழிந்தது போக, காடு இன்று துண்டு துண்டாக நிற்கிறது. அந்தத் தேநீரைத்தான் நாம் காலையில் அருந்துகிறோம். அந்தத் தோட்டங்களில் உழைத்துத்தான் பல ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆகவே பிறரைக் குற்றஞ்சாட்டாமல் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம்.

ஏதேன் தோட்டத்தைக் கடவுள் மனிதரிடம் ஒப்படைத்தது அதைக் காக்கவும்தான் என்கிறது தொடக்கநூல். நம்மால் அழியும் உயிர்கள் இனி இறைவனைப் புகழ முடியாதே என்று 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் வருந்தினார். எஞ்சிய மரங்களையாவது காக்கும் மனத்தை இறைவனிடம் கேட்போம். ஆமென்.