வெயில் உப்பைக் கொண்டுபோவதில்லை

(குடியாத்தத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெயிலில் நீர் ஆவியாகிறது, மேகமாகி மழையாய் இறங்குகிறது, மண்ணில் ஊறி, ஆற்றில் ஓடிக் கடல் சேருகிறது. இது நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம். ஆவியாகும்போது நீர் மட்டும்தான் மேலே போகிறது. உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. கடல் கரித்தாலும் மழை நன்னீராக இருப்பது, அல்ஹம்துலில்லாஹ், இதனால்தான்.

நம் வட்டாரத்தில் இதுவே சிக்கலாகவும் ஆனது. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். அடுத்து குரோமியம். பல ஆண்டுகளாக அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்வெளியிலும் விடப்பட்டது. வெயில் நீரைக் கொண்டுபோனது, உப்பு மண்ணில் நின்றது. அடுத்த மழை சுத்தமாகத்தான் இறங்கியது. ஆனால் அதே மண் வழியே ஊறிக் கிணற்றுக்குக் கரிப்பாக வந்து சேர்ந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் சரியாகிவிடும் என்று சொல்வோருக்கு இதுதான் பதில்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட மண்ணையும் நீரையும் சீராக்கும் செலவும் அவர்களுடையதே என்றது. இன்று நாடெங்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. அப்படியும் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இந்தத் தொழில் நம் வீடுகளுக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. அதற்காக வாய்மூடி இருப்பது நியாயமில்லை என்றே கருதுகிறோம். கிணறு கெட்டுப்போன விவசாயியும் நம் அண்டை வீட்டார்தான்; அவருக்கும் நம்மீது ஹக் உண்டு.

தோல் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. ஆற்று மணல் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல நிலத்துக்குள் விடும். மணலை அள்ளிவிட்டால் அது நிற்க இடமேது? நம் கவுண்டன்ய மகாநதியிலோ படுகை வரைக்கும் வீடு கட்டினோம். 2021 நவம்பரில் வெள்ளம் தன் இடத்தைத் தேடி வந்ததைப் பார்த்தோமே.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? மழைநீரில் உப்பில்லை. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். அதைக் குழாய் வழியாக ஒரு குழியில் விட்டால் கீழே இருக்கும் கரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துவரும். 2003 முதல் தமிழ்நாட்டில் இது கட்டாயம். குழாய் இருக்கிற வீடுகளில்கூடக் குழி தூர்ந்து கிடக்கிறது. பள்ளிவாசலில் ஒளு செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தென்னைக்குப் போகட்டும். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீணாக்காதீர்கள் என்பதுதானே நமக்குச் சொல்லப்பட்டது.

அடுத்த ஜும்ஆவுக்கு வரும்போது வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். மீட்டர் வைத்து உப்பளவு பார்த்துத் தருகிறோம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. 2,000-ஐத் தாண்டினால் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.