இன்சுலின் வாங்கியும் நம் மக்களின் சலரோகமும்
(கருத்தரங்கத் தலைமையுரை)

 

கல உயிரியல் கருத்தரங்கு ஒன்றைக் கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலை அண்டிய இந்தத் தெருக்களுக்கு நடுவே கூட்டியதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்குச் சலரோகம் என்றது. நகர்ப்புறத்தில் அது 16.4 சதவீதம். நாம் இன்று பேசப்போகும் இன்சுலின் வாங்கி என்னும் மூலக்கூறு இந்த நோயின் நடுவே இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் செய்தியைக் கலத்துக்குள் கடத்தும் தைரோசின் கைனேசு வாங்கிகள் மனிதரில் 58 உள்ளன. அவை 20 குடும்பங்களாகப் பிரியும். அவற்றுள் ஒன்று இன்சுலின் வாங்கிக் குடும்பம். ஏனைய வாங்கிகளிற் பெரும்பாலானவை செய்தி வந்த பின்னரே இரண்டிரண்டாகச் சேரும். இன்சுலின் வாங்கியோ முன்னமே இணைந்து நிற்பது. கலத்துக்கு வெளியே இரண்டு அல்பா பகுதிகள். மென்சவ்வை ஊடுருவி உள்ளே செல்லும் இரண்டு பீற்றா பகுதிகள். வெளியே இன்சுலின் பற்றியதும் வாங்கியின் வடிவம் மாறுகிறது. உள்ளே பீற்றா பகுதிகள் ஒன்றின் தைரோசின்களில் மற்றொன்று பொசுபேற்றை ஏற்றுகின்றன. இன்சுலின் தன் வாங்கியிலேயே பொசுபேற்றை ஏறச் செய்வதை 1982இல் கசுகா, கார்ல்சன், கான் ஆகியோர் காட்டினர். அந்தச் செய்தி படிப்படியாக உட்சென்று, தசைக் கலத்தினுள் ஒதுங்கியிருக்கும் குளுட்-4 என்னும் காவிப் புரதத்தை மேற்பரப்புக்கு அழைத்து வருகிறது. குளுக்கோசு உள்ளே நுழைவது அதன் வழியாகத்தான்.

இரண்டாம் வகைச் சலரோகத்தில் வாங்கி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்கு அப்பாலுள்ள படிகளில்தான் செய்தி மழுங்குகிறது. தசையிலும் ஈரலிலும் சேரும் கொழுப்புக்கு அதில் பெரும் பங்குண்டு.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. உழைக்கும் தசை, இன்சுலின் வாங்கியின் துணையில்லாமலே வேறொரு வழியால் குளுட்-4ஐ மேற்பரப்புக்குக் கொண்டுவரும். ஆகவே "நடவுங்கள்" என்று வைத்தியர் சொல்வது வெறும் புத்திமதியன்று. மழுங்கிய பாதையைச் சுற்றிச் செல்லும் மருந்து அது. சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் சலரோகத்தின் விளிம்பில் நின்ற 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில், வழமைபோல் இருந்தவர்களில் 55 சதவீதத்தினருக்குச் சலரோகம் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் திருத்தியவர்களில் அது 39.3 சதவீதம், மெற்போமின் மருந்து எடுத்தவர்களில் 40.5 சதவீதம்.

அறிஞர்களே, உங்கள் முன் இரண்டு கேள்விகளை வைக்கிறேன். உடல் பெரிதாகப் பருக்காத நம்மவரிடம் இந்தச் செய்தி ஏன் இத்தனை விரைவில் மழுங்குகிறது? விடையை நம் மக்களின் தசையிலும் கொழுப்பிலுமே தேடவேண்டும். பிற நாட்டாரின் கலங்களை மட்டும் பார்த்து அதை அறிய முடியாது. அடுத்தது, ஒடுங்கிய ஒழுங்கைகளில் வாழும் தாய்மார் அன்றாடம் அச்சமின்றி நடக்க என்ன வழி? முதலாவது ஆய்வுகூடத்தின் கடமை. இரண்டாவது மாநகரின் கடமை. இரண்டையும் ஒரே அவையில் பேசத் துணிந்த ஏற்பாட்டாளர்களை மனதாரப் பாராட்டி, இக்கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.