மகளின் மனமும் நம் வீட்டு வாசலும்

(ஜூபிலி விழாவின் குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



துறைமுகம் கட்டப்படுமுன், பொங்கும் அலைகளின்மீது படகு செலுத்தி, கப்பல்களிலிருந்து சரக்கையும் மக்களையும் கரை சேர்த்தவர்கள் நம் பகுதியின் மூதாதையர். அந்தப் படகோட்டிகள் தங்கள் உழைப்பின் காசைச் சேர்த்தே ராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பினார்கள். விழா நாளில் இத்தகைய பெருமைகளைப் பேசுவது வழக்கம். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருளோ வேறு. கோயில் கட்டிய அந்தக் கைகளின் பேத்திகளைப் பற்றி, அதாவது நம் வளரும் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். ஒரே அறை; அதில் ஒரு மூலை சமையலுக்கு. தகப்பனுக்கு ஷிப்டு வேலை. தாய் விடியுமுன் கூடையோடு காசிமேட்டுக்குப் போகிறாள். சம்பள நாளில் தகப்பன் குடித்துவிட்டு வந்தால் தட்டு பறக்கும். அண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. கோபம் மட்டும் நிறைய இருக்கிறது. பாட்டி படுக்கையில். இந்த வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அவள் தனியாக உட்கார்ந்து அழக்கூட இடமில்லை. ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன், “சாப்பிட்டியா? ஏன் முகம் வாடியிருக்கு?” என்று கேட்கிறான். வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அவள் மனம் அங்கே போய்விடுகிறது.

இது பாவமா? இல்லை, அன்பர்களே. அன்புக்காக ஏங்கும் இதயத்தைப் படைத்தவர் ஆண்டவர். உணர்ச்சிகள் தம்மளவில் நன்மையும் அல்ல, தீமையும் அல்ல என்பதே திருச்சபையின் போதனை; அவற்றை நாம் எவ்வழியில் செலுத்துகிறோம் என்பதே கேள்வி. மருத்துவ அறிஞர்களும் ஒன்று சொல்கிறார்கள். உணர்ச்சி இந்த வயதில் பெருவெள்ளமாய் வருகிறது. நிதானித்து முடிவு செய்ய உதவும் மூளைப்பகுதியோ முழுதாய் முதிர இருபத்தைந்து வயதுவரை ஆகிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்று பலமாக அடிக்கிறது. சுக்கான் பிடிக்கும் கையோ இன்னும் பழகவில்லை. அந்த நேரத்தில் படகை உடைப்பதா, கூட ஓர் ஆள் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பதா?

இதற்கு ஒரு புனிதையின் வாழ்வே நமக்குப் பாடம். அவிலா நகர் புனித தெரேசம்மாளை நீங்கள் அறிவீர்கள். 1970-ல் பாப்பரசர் ஆறாம் பவுல், பெண்களிலேயே முதலாவதாக அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். 1515-ல் பிறந்த இந்தப் புனிதை இளம் வயதில் எப்படி இருந்தார் என்பதைத் தம் வரலாற்றில் ஒளிவின்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தாய் 1528-ல் இறந்துபோனாள். அழுதுகொண்டே மாதா சுரூபத்தின் முன் நின்று, இனி நீரே எனக்குத் தாய் என்று வேண்டிக்கொண்ட அதே பெண், தந்தைக்குத் தெரியாமல் வீரக்காதல் கதைகளை வாசித்தாள். அலங்காரம், வாசனைத் திரவியம், உறவுக்காரப் பிள்ளைகளோடு ஓயாத பேச்சு, கல்யாணத்தில் முடியலாம் என்ற எண்ணத்தோடு ஒரு பழக்கம், எல்லாம் இருந்தன.

தந்தை அலோன்சோ என்ன செய்தார்? ஊரைக் கூட்டவில்லை. மூத்த மகளின் கல்யாணம் 1531-ல் முடியும்வரை பொறுத்திருந்தார். தாயும் அக்காளும் இல்லாத வீட்டில் இளம்பெண் தனியே இருப்பது நன்றன்று என்று யாரும் ஏற்கக்கூடிய காரணத்தோடு, அவளை அகுஸ்தீன் சபைக் கன்னியர் மடத்தில் தங்கிப் படிக்க விட்டார். மகளின் பெயருக்கு ஒரு கீறலும் விழவில்லை. அங்கே மரியா பிரிசேனோ என்ற கன்னியர் அவளோடு நட்பாய்ப் பேசினார். முதல் சில நாள் தவித்தவள், பிறகு வீட்டைவிட அங்கே மகிழ்ச்சியாக இருந்தாள். ஒரு தந்தை மகளின் மானத்தைக் காத்தார். ஒரு பெண் அவளோடு உட்கார்ந்து பேசினார். திருச்சபைக்கு ஒரு புனிதை கிடைத்தாள்.

நாம் என்ன செய்கிறோம்? செய்தி தெரிந்தவுடன் முதலில் அடி. இரண்டாவது, படிப்பை நிறுத்துவது. மூன்றாவது, அவசரக் கல்யாணம். இதில் பெற்றோர் தெளிவாக அறிய வேண்டியவை சில உண்டு. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது குற்றம்; செய்து வைக்கும் பெற்றோரும் தண்டனைக்கு உரியவர்கள். திருச்சபையின் நிலையும் கவனிக்கத்தக்கது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே என்றும், அந்தச் சம்மதத்தை வேறு எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்றும் கூறுகிறது. வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ நடக்கும் திருமணம் செல்லாது. ஆகவே மானம் போகிறதென்று பயந்து, அழுகிற பெண்ணைப் பீடத்தின் முன் நிறுத்துவது திருவருட்சாதனத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நான்காவது வழி, காவல் நிலையம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நம் பிள்ளைகளைக் காக்க வந்த நல்ல சட்டம். வயதில் மூத்தவன் ஏமாற்றினாலோ, மிரட்டினாலோ, படம் எடுத்துப் பயமுறுத்தினாலோ, ஒரு நாளும் தயங்காமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அதில் மானம் பார்க்க வேண்டாம். ஆனால் கோபத்தில், பையனைப் பழி வாங்குவதற்கென்றே அந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பவர்களும் உண்டு. ஈரோட்டில் ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர்மேல் அப்படி வந்த வழக்கில், புகார் கொடுத்த தரப்பே பின்னர் வழக்கை ரத்து செய்யக் கேட்டது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, காதல் வயப்பட்ட இளையோரைக் குற்றவாளிகளாக்குவது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று சுட்டிக்காட்டியது. ஆனாலும் சட்டம் மாறிவிடவில்லை. பதினெட்டுக்குக் குறைந்த பெண்ணின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை. குற்றத்தின் தன்மையைப் பொறுத்துத் தண்டனை பத்து ஆண்டும் அதற்கு மேலும் போகும். இதை நம் ஆண் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது தாய் தகப்பனின் கடமை. பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

பெண் பிள்ளைகளே, உங்களிடமும் இரண்டு சொல். வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்க ஒரு கை கிடைத்தது என்று எண்ணி ஓடாதீர்கள். சண்டையிலிருந்து தப்புவது வேறு. வாழ்க்கைத் துணையைத் தேர்வது வேறு. உண்மையான அன்பு உன் பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை காத்திருக்கும். நீ வேலைக்குப் போகும்வரையும் காத்திருக்கும். காத்திருக்க மறுத்து, “இப்போதே வா, இல்லாவிட்டால் செத்துப்போவேன்” என்று சொல்வது அன்பல்ல, அது மிரட்டல். அப்படிப்பட்ட எண்ணம் உனக்கே வந்தால், உடனே ஒரு பெரியவரிடம் சொல். 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசகர்கள் பேசுகிறார்கள். உன் உயிர் எந்தக் கடிதத்தையும்விட, எந்தச் செல்போன் படத்தையும்விட மேலானது.

பெற்றோரே, லூக்கா நற்செய்தியில் பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடிய மாதாவைப் பாருங்கள். மூன்று நாள் தேடி அலைந்த தாய். பிள்ளையைக் கண்டதும் அவள் கை ஓங்கவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். தன் வேதனையையும் மறைக்காமல் சொன்னாள். கிடைத்த பதில் புரியவில்லை. ஆயினும் அதை உள்ளத்தில் இருத்திக்கொண்டாள். பிள்ளையும் அவர்களோடு நாசரேத்துக்குத் திரும்பினார். கேள்வி கேட்ட வீட்டுக்குத்தான் பிள்ளை திரும்பி வரும்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் நம் குடும்பங்கள் மூன்று காரியங்களைத் தொடங்கட்டும். இரவு ஜெபமாலை முடிந்ததும் பத்து நிமிடம், வேலைப் பேச்சும் கடன் பேச்சும் இல்லாமல், பிள்ளைகள் பேசப் பெரியவர்கள் கேட்கட்டும். குடியால் தட்டு பறக்கும் வீடுகளில், அதை நிறுத்த உதவி கேட்பதே மகளுக்குத் தகப்பன் தரும் முதல் சீதனம் ஆகட்டும். ஒவ்வொரு அன்பியத்திலும், பெண் பிள்ளைகள் பயமின்றிப் போய்ப் பேசக்கூடிய, கேட்டதை வெளியே சொல்லாத அக்கா ஒருவர் இருக்கட்டும். குழாயடியில் ஒரு பெண்ணின் பெயர் அடிபடும்போது, “நம் பிள்ளைதானே” என்று அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துவோம்.

நம் முன்னோர் அலையில் தத்தளித்தவர்களைக் கரை சேர்த்தவர்கள். அந்தத் தொழிலை நாம் மறக்க வேண்டாம். திருக்குடும்பம் நம் குடும்பங்களைக் காப்பதாக!

இயேசுவுக்கே புகழ்! மரியாயே வாழ்க!