வீட்டு முற்றத்தில் விஷமூங்கில்



நாம் நாள்தோறும் பால் வெட்டும் ரப்பர் மரம் பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்டது. 1877-ஆம் ஆண்டில் அதன் கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. ஆனால், மலாய்க்காரர்கள் ‘பாக்குங்’ என்றும் தமிழர்கள் ‘விஷமூங்கில்’ என்றும் அழைக்கும் பூச்செடியோ இந்நாட்டுக் கடற்கரைகளுக்கே உரியது. ஒடுங்கிய ஆறு வெள்ளிதழ்கள் சிலந்தியின் கால்களைப் போல விரிந்திருப்பதால், அதனைச் சிலந்தி லில்லி என்றும் கூறுவர். மாலையில் மலர்ந்து இரவெல்லாம் மணம் வீசும். இதே பெயரில் விற்கப்படும் அமெரிக்கச் செடி ஒன்றும் உண்டு. அதன் பூவின் நடுவே மெல்லிய வெண்கிண்ணம் இருக்கும்; நம் செடியின் பூவில் அது இராது.

வெயிலையும் மழையையும் தாங்கும் இச்செடியைக் காசு செலவின்றி வளர்க்கலாம். தாய்ச்செடியின் அடியில் தோன்றும் பக்கக் கிழங்கை வேருடன் பிரித்து எடுங்கள். வெயில் படும் இடத்தில் குழி தோண்டி, மண்ணுடன் மணலும் மக்கிய சாணமும் கலந்து, கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியுமாறு நடுங்கள். செடி அகன்று வளருமாதலால், ஒன்றுக்கொன்று நான்கடி இடைவெளி விடுவது நலம். முற்றிய விதையை ஈரமண்ணின் மேல் பாதி புதையுமாறு வைத்தாலும் முளைக்கும். எனினும் அது பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். இலைகளைக் கம்பளிப்புழுக்கள் கூட்டமாகத் தின்னக் கண்டால், அவற்றைக் குச்சியால் எடுத்துச் சவர்க்கார நீரில் போட்டுவிடுங்கள். தொட்டியில் வளர்ப்போர் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

இனி, மிக முக்கியமான செய்தியைக் கூறுகிறேன். விஷம் என்னும் சொல் இச்செடியின் பெயரிலேயே உள்ளது. இதன் எல்லாப் பகுதிகளிலும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கில் அது மிகுதி. அக்கிழங்கோ பார்வைக்குப் பெரிய வெங்காயத்தைப் போன்றது. ஆனால் வெங்காய மணம் அதற்கு இல்லை. அதனை உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். எனவே, தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். கீரைப் பாத்திக்கு அருகிலும், தவழும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும், ஆடுமாடுகள் மேயும் வழியிலும் இச்செடியை நடாதீர்கள். இதன் சாறு தோலில் அரிப்பை உண்டாக்கலாம். ஆகவே, செடியைத் தொட்டு வேலை செய்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இலையை வாட்டி வீக்கத்தின்மேல் கட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனைக் கேட்டு எவரும் இதனை உள்மருந்தாக அருந்தலாகாது.

குழந்தை இதனைத் தின்றுவிட்டால், வாயிலுள்ள துண்டுகளை அகற்றுங்கள். வலிந்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். தின்ற செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நச்சுடையது என்பதற்காக அழகிய செடியொன்றை வெட்டி எறிய வேண்டுவதில்லை. அதன் இயல்பை வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, சொல்லிவைத்து, தக்க இடத்தில் நட்டு வளர்ப்போமாக.