ஆன்ட் என்றால் இரண்டு கையெழுத்து, ஆர் என்றால் ஒன்று
(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகளுக்காக ஆங்கில இலக்கணத்தில் ஏதாவது பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டார். நான் ஆங்கில வாத்தியார் இல்லைங்க. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் கவுன்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட இலக்கணத்தைத்தான் சொல்ல முடியும்.

இரண்டு முழு வாக்கியங்களைச் சரிசமமாக வைத்து இணைக்க ஆங்கிலத்தில் ஏழு சொற்களைச் சொல்வார்கள்: ஃபார், ஆன்ட், நார், பட், ஆர், யெட், சோ. முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஃபேன்பாய்ஸ்'. ஆன்ட் கூட்டும். பட், யெட் இரண்டும் முரணைக் காட்டும். ஆர் இதுவா அதுவா என்று கேட்கும். நார் இரண்டையும் மறுக்கும். சோ விளைவைச் சொல்லும், ஃபார் காரணத்தைச் சொல்லும்.

நம் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்? தமிழில் "கடைக்குப் போய், பால் வாங்கி, வீட்டுக்கு வந்தான்" என்கிறோம். போய், வாங்கி என்ற வினையெச்சங்களே இணைத்துவிடுகின்றன. தனியாக ஓர் இணைப்புச் சொல் தேவைப்படுவதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "ஹீ வென்ட் டு தி ஷாப், ஹீ பாட் மில்க்" என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே கமா மட்டும் போதாது. கமா போட்டு, அடுத்து ஆன்ட் போட வேண்டும். இன்னொரு தவறு, "ஆல்தோ இட் ரெயின்ட், பட் ஹீ கேம்" என்பது. ஆல்தோ, பட் இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

பரீட்சையில் இதற்கு ஒரு மார்க் போகும். வங்கியில் என்ன போகும் என்று சொல்கிறேன். இந்தச் சொற்கள் வாக்கியங்களை மட்டுமல்ல, பெயர்களையும் இணைக்கும்.

உங்கள் செக்கை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதும் கோட்டின் முடிவில் 'ஆர் பேரர்' என்று அச்சிட்டிருக்கும். அப்படியே விட்டால், கொண்டு வருபவருக்கும் பணம் கொடுக்கலாம். அதை அடித்துவிட்டால் அது ஆர்டர் செக்; பெயருக்கு உரியவர் யார் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஒரு சின்ன ஆர் செய்கிற வேலை அது.

கூட்டுக் கணக்கிலும் இதே கதைதான். 'ஈதர் ஆர் சர்வைவர்' என்றால் இருவரில் யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கலாம். ஒருவர் காலமானால் மற்றவர் பணத்தைப் பெறலாம். 'ஜாயின்ட்லி' என்றால் அது ஆன்ட்: இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்றால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான்.

பல வருஷம் முன்பு, விசைத்தறி ஓட்டிய ஒருவர் மனைவியோடு வந்து கணக்குத் தொடங்கினார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நான். "ரெண்டு பேரு பேர்லயும் போடுங்க" என்றார். ஜாயின்ட்லி என்பதில் டிக் அடித்தேன். அது என்னவென்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து அவர் பக்கவாதத்தில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். அந்தம்மா செக் புத்தகத்தோடு வந்து நின்றார். "ஏனுங் சார், கணக்குல நானுந்தான இருக்கறனுங்க?" என்றார். இருந்தார், ஆனால் ஆன்ட் போட்டு இருந்தார். மறுநாள் அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கே போய், சாட்சிகள் முன்னால் கைநாட்டு வாங்கி வந்த பிறகுதான் பணம் கொடுத்தோம். அந்த ஒரு நாள் அந்தம்மா கடன் கேட்டு அலைந்தது என் பேனாவால்தான். அதன்பிறகு வந்த ஒவ்வொருவரிடமும், "ஒருத்தர் போட்டாப் போதுமா, ரெண்டு பேரும் போடணுமா?" என்று தமிழில் கேட்காமல் நான் டிக் அடித்ததில்லை.

ஜாயின்ட்லி தப்பு என்று சொல்லவில்லைங்க. நம் சங்கக் கணக்கு மாதிரி பொதுப் பணத்துக்கு இரண்டு கையெழுத்துதான் காவல். வீட்டுச் செலவுக்கான கணக்கு வேறு.

பிள்ளைகளே, இரண்டு வாக்கியத்தைச் சேர்க்குமுன் அவற்றுக்குள் என்ன உறவு என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். சரியான சொல் தானாக வரும். பெரியவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பாஸ்புக்கை எடுத்து, உங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில் இருப்பது ஆன்டா, ஆரா என்று பாருங்கள். புரியவில்லை என்றால் சாயங்காலம் நடைபாதையில் என்னைப் பிடியுங்கள்.