கணக்கு நோட்டில் ஒரு கேள்வி

(நமது டிரஸ்ட்டின் வருடாந்திரக் கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்த மேடையில் நான் பேசுவது இரண்டே விஷயம்தான். எத்தனை பேருக்கு எவ்வளவு உதவி கொடுத்தோம் என்பது ஒன்று, நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்வது இன்னொன்று. அந்த வரவு செலவு அச்சடித்து உங்கள் கையில் இருக்கிறது. இன்று வேறொரு கணக்கைச் சொல்கிறேன். அது நம் பிள்ளைகள் எழுதிய கணக்கு. அதில் என்னுடைய தவறும் ஒன்று இருக்கிறது.

2015 டிசம்பரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பள்ளிவாசல்களின் கதவுகள் எல்லா மதத்தவருக்கும் திறந்தன. அப்போது சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர்களிலும், இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டு போனவர்களிலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தண்ணீர் வடிந்தது. நாமும் அவர்களை மறந்தோம். பிள்ளைகளின் கையைத்தான் நாம் கேட்டோம், அவர்களுடைய யோசனையை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குறையைப் போக்கத்தான் சென்ற ஆண்டு நமது மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒரு சிறு முயற்சி தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் 14 பேர் சேர்ந்தார்கள். என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தையும் தொடங்கியது. ஆனால் நம் தெருக் கடைகளில் இன்னும் பிளாஸ்டிக் பைதானே தொங்குகிறது என்றார்கள். தையல் கடைகளில் மிஞ்சும் துணியை வாங்கிப் பை தைத்து விற்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

டிரஸ்ட் 5,000 ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. இது ஜகாத் பணம் அல்ல, பொது நன்கொடையிலிருந்து எடுத்தது. துணி வாங்குவது, கடைக்காரர்களிடம் பேசுவது, கணக்கு எழுதுவது எல்லாம் பிள்ளைகள். தைப்பது மட்டும் நம் பகுதிப் பெண்கள் ஆறு பேர். லாபத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது என்று ஏற்பாடு.

ஒரு பையின் கணக்கு இது. துணி 7 ரூபாய், நூல் 1 ரூபாய், தையல் கூலி 4 ரூபாய், ஆக 12 ரூபாய். விற்பனை விலை 25. லாபம் 13. கூலி 4 ரூபாய் என்று முடிவு செய்தவன் நான்தான். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் தைக்கிறார்கள், இதுவே போதும் என்று நினைத்தேன்.

முதல் 300 பை விற்று முடிந்ததும் பத்தாவது படிக்கும் ஒரு மாணவி கணக்கு நோட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். "சார், 3,900 ரூபாய் லாபம் வந்திருக்கு. ஆனா ஒரு சந்தேகம்" என்றாள். தைக்கும் ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்திருக்கிறாள். ஒரு மணி நேரத்தில் ஆறு பைக்கு மேல் தைக்க முடியவில்லை. அப்படியானால் மணிக்கு 24 ரூபாய். எட்டு மணி நேரம் மிஷினை மிதித்தாலும் 192 ரூபாய். "இது நியாயமான கூலியா சார்?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. கூலியைக் கூட்டினால் நோட்டுப் புத்தகத்துக்குப் பணம் குறையுமே அம்மா என்றேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். கூலியை 9 ரூபாயாக்கினால் பைக்கு 8 ரூபாய் லாபம் நிற்கும், 300 பைக்கு 2,400 ரூபாய் வரும் என்று முன்பே எழுதி வைத்திருந்தாள். "மீதி 1,500 ரூபாய் யாரோடது சார்?" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். அந்த ஆறு பெண்களில் இரண்டு பேர் ஒவ்வொரு ரமளானிலும் நம்மிடம் ஜகாத் வாங்குகிறவர்கள். ஒரு கையால் கூலியைக் குறைத்துவிட்டு, இன்னொரு கையால் அவர்களுக்கே உதவி கொடுத்து, நாம் கொடுத்தோம் என்று கணக்கு எழுதுகிறோம். அந்த உதவியில் ஒரு பங்கு அவர்களுடைய உழைப்பின் விலை. மத்ரஸாவில் ஓதியவன், கல்லூரியில் வணிகவியல் படித்தவன் நான். எனக்குத் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இது புதிய பாடமல்ல. நபி (ஸல்) அவர்கள், நபித்துவம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், இளைஞராக இருந்தபோது ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமனிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் செல்வாக்குள்ள ஒருவர் பணம் தர மறுத்தார். பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று அங்கே கூடியவர்கள் உறுதி எடுத்தார்கள். வியாபாரத்தில் நடந்த ஒரு அநியாயத்திலிருந்து பிறந்த உடன்படிக்கை அது. பிற்காலத்திலும் அதை நபியவர்கள் உயர்வாகவே நினைவுகூர்ந்தார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற மாணவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தெருவில் வண்டி போட்டுத் துணி இஸ்திரி போடுகிறவர் கரியை எரிப்பதையும், எரிந்த கரியைக் கீழே கொட்டுவதையும் அவர் பார்த்தார். அந்தப் புகை அவருடைய நுரையீரலை என்ன செய்யும், இத்தனை கரிக்கு எத்தனை மரம் போகும் என்று யோசித்தார். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு உலகெங்கிலுமிருந்து தேர்வான 15-ல் அவருடையதும் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசினார். அப்போது அவர் பள்ளி மாணவிதான்.

இஸ்திரி வண்டி நம் குரோம்பேட்டையிலும் செம்பாக்கத்திலும் தெருவுக்கு ஒன்று நிற்கிறது. நாம் சட்டையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை அங்கே நின்று அந்த மனிதரைப் பார்த்தது. நம் மாணவியும் அதையே செய்தாள். பையை மட்டும் பார்க்காமல், பை தைத்தவரையும் பார்த்தாள்.

சில பெற்றோர்களின் கவலை எனக்குத் தெரியும். "பொதுத்தேர்வு நேரத்தில் இதெல்லாம் தேவையா பாய்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. இது சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டும். பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை விடுமுறை. தொழில் கற்கிறோம் என்ற பெயரில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதும் இங்கே நடக்காது. 14 வயது நிரம்பாத பிள்ளையை வேலையில் வைப்பதும், 18 வயதுக்குட்பட்டவரை ஆபத்தான தொழிலில் இறக்குவதும் 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி குற்றம். அதனால்தான் தைப்பது பெரியவர்கள், படிப்பது பிள்ளைகள் என்று வைத்திருக்கிறோம்.

இந்தப் பிள்ளைகள் பையோடு நிற்கவில்லை. மத்திய அரசின் சிறுபான்மையினர் கல்வி உதவித்தொகை 2022-23 முதல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் என்று ஆனது. அது தெரியாமல் பல தாய்மார்கள் சின்னப் பிள்ளைகளின் ஆதார், வருமானச் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். நம் மாணவர்கள் பள்ளிவாசல் வாசலில் ஒரு மேஜை போட்டு, யாருக்கு எந்த உதவி உண்டு, என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மேஜைக்கு வந்தவர்களிடம் மதமோ ஜாதியோ கேட்கவில்லை.

நம் டிரஸ்ட் நிர்வாகக் குழு எடுத்த முடிவுகளை இப்போது அறிவிக்கிறேன். முதலாவது, தையல் கூலி பைக்கு 9 ரூபாய். முன்பு தைத்த 300 பைக்கான வித்தியாசத் தொகை 1,500 ரூபாயும் அந்த ஆறு பேருக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது. அதை உதவி என்று எழுதவில்லை, கூலி பாக்கி என்றே கணக்கில் எழுதியிருக்கிறோம். இரண்டாவது, பிள்ளைகளின் கணக்கு நோட்டு மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அமானிதம் என்றால் என்ன என்று அவர்கள் இப்போதே பழகட்டும். மூன்றாவது, மாணவர்களின் புதிய யோசனைகளுக்கென்று தனியாக ஒரு சிறு நிதி ஒதுக்கப்படும். தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறை, யுனிசெஃப் சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டத்தைப் பற்றியும் உங்கள் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் கடை வைத்திருப்பவர்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள், கூலி கொடுப்பவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பிள்ளை போட்ட கணக்கை உங்கள் வீட்டிலும் கடையிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்துத்தான் என் தவறைத் தெரிந்துகொண்டேன். ஜகாத் கொடுக்கும் முன் கூலியைச் சரியாகக் கொடுத்திருக்கிறோமா என்று பார்ப்போம்.

மாணவ மாணவியரே, பெரியவர்கள் போட்ட கணக்கு என்பதற்காக அது சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மரியாதையோடு கேளுங்கள். அந்த மாணவி என்னை எதிர்த்துப் பேசவில்லை. நோட்டை நீட்டினாள், மணியைச் சொன்னாள், பதிலுக்குக் காத்திருந்தாள். அவ்வளவுதான்.

இந்தப் பிள்ளைகளின் கல்வியிலும் நேர்மையிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் சம்பாத்தியத்தையும் நாம் கொடுக்கும் கூலியையும் தூய்மையாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும்.